பன்னிரண்டாவது நிறம் குளம்

மயிலோடைக்குளம் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அறைந்திருந்த இன்டர்நெட் பெட்டியிலிருந்து முதல் மல்லிகைப்பூ வெளியே வந்தபோது மணி சரியாக நாலு, கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தார், திரும்பி வந்தவர் வயர் நுழையும் ஓட்டை வழியாக ஒரு சாண் நீளத்துக்குப் பூ தொங்குவதைப் பார்த்துவிட்டு, யாரோ வேலையில்லாதவன் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான் என்று பிடித்து இழுத்தார், இழுக்க இழுக்க வந்தது, முழம் போட்டால் இரண்டு முழம் தேறும் என்கிற அளவுக்கு வந்தபிறகு தானாக நின்றது, அவரும் அதை முகர்ந்து பார்த்து, மடித்து, காலி டிபன் டப்பாவுக்குள் வைத்து வீட்டுக்காரிக்குக் கொண்டுபோனார். மறுநாளும் நாலு மணிக்கு வந்தது. மூன்றாம் நாள் அவர் டீ குடிக்கப் போகவில்லை.

அதற்குள் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் பிச்சி, ரேஷன் கடைப் பெட்டியில் துளசி, சுகாதார நிலையத்தில் மரிக்கொழுந்து, பால் சொசைட்டியில் செவ்வந்தி என்று ஊர் முழுக்க மணி நாலானால் பூத்தது. ஏன் பூக்கிறது என்று ஊரில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் பூக்காரத் தெரு இசக்கி சொல்லியிருப்பாள், கேள்விப்பட்ட அன்றைக்கே அவள் இடுப்புப் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டே மாமியாரிடம் சொல்லிச் சிரித்தாள்: “ஈர நாரால கட்டுனோம்லா அத்தை, அது பூத்துட்டு.”

கட்டினார்கள்தான். கம்பெனிக்காரர்கள் ஹைவே ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஊருக்கு ஊர் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்கப்போகிறோம் என்று வேலைக்கு ஆள் தேடியபோது, எஞ்சினியர் ஜெபராஜ் சார் சந்தையில் பூக்கட்டுகிற பெண்களின் விரலைப் பார்த்துவிட்டு, இந்த விரல்தான் எனக்கு வேணும் என்று சொல்லிப் பூக்காரத் தெருவிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போனார். கறுப்புத் தோலைக் கத்தியால் வட்டமாகக் கீறி உருவ வேண்டும், உள்ளே இருக்கிற வழவழப்பை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், தலைமுடி கனத்தில் பன்னிரண்டு இழை வரும், ஒவ்வொன்றும் ஒரு நிறம், நிறம் மாறாமல் பிரித்து, அடுக்கி, கட்டி, சுருட்ட வேண்டும். வெட்டி விழுந்த கண்ணாடித் துணுக்கைக் கையால் தொடக்கூடாது, டேப்பில் ஒட்டித்தான் எடுக்க வேண்டும், குத்தினால் வலிக்காது, உள்ளே போய்விடும். இசக்கி பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகும்முன் இரண்டு தடவை கை கழுவுவாள், மூன்றாவது தடவை சேலையை உதறுவாள், அதற்கப்புறம்தான் கொட்டகை மூலையில் தொங்கும் தொட்டிலைத் தொடுவாள்.

நிறத்தின் வரிசையை மறக்காமல் இருக்க எஞ்சினியர் எழுதிக் கொடுத்த தாள் முதல் நாளே ஸ்பிரிட்டில் நனைந்துவிட்டது. அதனால் பன்னிரண்டு பேரும் பாட்டாக்கிக்கொண்டார்கள். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், குளம். பன்னிரண்டாவது நிறத்துக்கு எஞ்சினியர் ஏதோ இங்கிலீஷ் பேர் சொன்னார், வாயில் நிற்கவில்லை, பார்த்தால் மழை பெய்து வெறித்த மறுநாள் குளம் மாதிரி இருந்தது, குளம் என்றே வைத்துவிட்டார்கள். இசக்கி இதையே தாலாட்டாகவும் பாடினாள். அவள் மகள் மிதுனா நீலத்தில் கொட்டாவி விடும், சிவப்பில் கண் சொருகும், குளத்தில் தூங்கிவிடும். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

கட்டுவதற்குக் கம்பெனி அனுப்பிய பிளாஸ்டிக் பட்டை சித்திரை வெயிலில் பட்டுப்பட்டென்று ஒடிந்தது. கட்டு கட்டு என்று எஞ்சினியர் அவசரப்படுத்த, பெண்கள் கைப்பழக்கத்தில் மடியில் இருந்த வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து எடுத்துக் கட்டிவிட்டார்கள். கண்ணாடி இழைக்கு ஈரம் ஆகாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாரை நனைக்காமல் கட்டலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு இழை, ஆளுக்கு ஒன்று. அவளவள் எந்தப் பூ கட்டுவாளோ அந்தப் பூவுக்குரிய முடிச்சைப் போட்டாள். மல்லி கட்டுகிற வள்ளிமயில் நீலத்தைக் கட்டினாள், அதனால்தான் பஞ்சாயத்து ஆபீசில் மல்லி. கனகாம்பரத்துக்கு நூல் மாதிரி மெல்லிய காம்பு, இறுக்கினால் ஒடியும், இரண்டு சுற்றுச் சுற்றி இழுக்காமல் விட வேண்டும், அந்த முடிச்சு சுத்துப்பட்டு ஊரில் இசக்கிக்கு மட்டும்தான் கைவந்தது. அவள் குளத்தைக் கட்டினாள். எனக்குத்தான் குளம் வேணும் என்று கேட்டு வாங்கிக் கட்டினாள்.

ஏனென்றால் குளம் பூக்காரத் தெருவுக்கு உள்ளது. எஞ்சினியர் எல்லோர் முன்னாலும் சொன்னார், நீலம் பஞ்சாயத்துக்கு, ஆரஞ்சு பள்ளிக்கூடத்துக்கு என்று வரிசையாகச் சொல்லி, பன்னிரண்டாவது உங்க தெருவுக்கும்மா, ஒரு இழை போதும், தெருமுனையில் பிரித்து வீட்டுக்கு வீடு கொடுத்துடலாம் என்றார். பூக்காரத் தெரு பொத்தையின் அடிவாரத்தில் இருக்கிறது, அந்தக் கல்மலை டவரை மறைத்துக்கொண்டு நிற்கும், போன் பேச வேண்டுமென்றால் பாதி பொத்தை ஏற வேண்டும், ஏறினாலும் குரல்தான் வரும், முகம் வராது. இசக்கியின் புருஷன் சுடலைமணி மஸ்கட்டில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற வேலை பார்த்தான். அவன் போகும்போது மிதுனா வயிற்றில். பிறந்து எட்டு மாசமாகியும் அவன் பிள்ளையின் அழுகையைத்தான் கேட்டிருந்தான். பதினோராம் மாசம் காது குத்து, அதை என் கண்ணால் பாத்திரணும் இசக்கி, நேர்ல வர முடியாட்டாலும் போன்லயாவது பாத்திரணும் என்று அவன் சொல்லியிருந்தான், பாப்பீக என்று இவளும் சொல்லியிருந்தாள்.

பள்ளம் தோண்ட வந்தபோது மேலத்தெருவில் சிமென்ட் ரோட்டை உடைக்க விடமாட்டோம் என்றார்கள், பூக்காரத் தெருவில் மண் ரோடு, வாசலை உடைத்துக்கொள்ளுங்கள் சார் என்று தெருவே மண்வெட்டியோடு வந்தது. குழாய் பதித்து, குழாய்க்குள் கயிறு விட்டு, கயிற்றின் நுனியில் கேபிளைக் கட்டி, அந்தப் பக்கம் ஆறு பேர் இழுக்க, இந்தப் பக்கம் டிரம்மை இரண்டு பேர் உருட்ட, கேபிள் மண்ணுக்குள் போனது. இழைகள் பிரிகிற ஜாயின்ட் குழியை எங்கே வைப்பது என்று கேட்டபோது, என் வாசல்லயே வையுங்க என்று இசக்கி சொன்னாள், கோலம் போடும் இடம் போய்விட்டது, அவள் அதற்குக் கவலைப்படவில்லை, குழியின் சிமென்ட் மூடி மேலேயே கோலம் போட்டாள்.

இரண்டு இழையை நுனியோடு நுனி வைத்துப் பொறி தட்டி ஒட்டுகிற மெஷினைப் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அது வள்ளிமயிலுக்கு. ஒண்ணாம் வகுப்பிலிருந்து இசக்கியோடு ஒரே பெஞ்ச். இருபத்தொன்பது வயது, இரண்டு தடவை நிச்சயம் வரை வந்து நின்றுபோன கல்யாணம், அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் இசக்கிதான் முதலில் சண்டைக்குப் போவாள். வள்ளிமயில் குழிக்குள் இறங்கி ஒவ்வொரு நிறமாக ஒட்டினாள், குளத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

“ஏட்டி, டிரம்முல வயரு தீந்துபோச்சு. நம்ம தெருவுக்கு உள்ளத அடுத்த டிரம்மு வந்ததும் ஒட்டிருதேன்.”

“வரும்லா?”

“வராம எங்கட்டி போகும்?”

அப்படித்தான் ஊரெல்லாம் பூத்தது, பூக்காரத் தெருவில் மட்டும் பூக்கவில்லை.

பூக்கிற இடங்களில் வாழ்க்கை அதற்கேற்ப மாறிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் நாலு மணிக்கு அடிக்கிற மணியை அடிப்பதையே விட்டுவிட்டார்கள், பிச்சி வாசம் வந்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடின. சுகாதார நிலையத்து நர்சம்மா மரிக்கொழுந்து வாசத்தில் ஊசி போட்டால் குழந்தைகள் குறைவாக அழுவதைக் கண்டு தடுப்பூசியைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். போலீஸ் அவுட்போஸ்டில் ரோஜா வந்தது, ஏட்டையா முதலில் வெட்கப்பட்டார், அப்புறம் புகார் கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பினார், புகார் பாதியாகக் குறைந்தது. வயரில் வந்த பூவைச் சாமிக்குச் சாத்தலாமா என்று ஒரு மாசம் கோயிலில் பேசினார்கள், எச்சில் படாத பூ, கால் படாத பூ, வண்டுகூடத் தொடாத பூ, இதைவிடச் சுத்தமாக எது வரும் என்று முடிவாயிற்று. கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து பூவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போனார்கள், ஒப்பந்தத்தில் பூ பற்றி எதுவும் இல்லை என்று கடிதம் வந்தது, அதோடு சரி.

பூக்காரத் தெருவில் காத்திருந்தார்கள். ஊருக்கே சும்மா பூ கிடைத்ததில் தெருவின் சந்தை வியாபாரம் வேறு படுத்துவிட்டது. “உன் சிநேகிதி டிரம்மு எந்த ஊர்லேர்ந்து உருண்டு வருது இசக்கி? காசிலேர்ந்தா?” என்று தெருக்குழாயில் கேட்டார்கள். “வாரப்ப வரும், உங்க வீட்டுக்குத்தான் முதல்ல குடுக்கச் சொல்லுதேன், இப்போ குடத்த நகத்துங்க” என்று இசக்கி சிரித்துச் சமாளிப்பாள். ஒரு தடவை பொத்தையில் ஏறி, எஞ்சினியரின் ஆபீசுக்கே போன் போட்டாள். ஜெபராஜ் சார் வேறு ஜில்லாவுக்கு மாறிப்போயிருந்தார். எடுத்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பூக்காரத் தெருவுக்கு லைன் கொடுத்தாச்சேம்மா, பன்னிரண்டாவது இழை, ஓடிட்டிருக்கு” என்றார். இறங்கி வந்து வள்ளிமயிலிடம் சொன்னாள். “அவங்க பேப்பர்ல அப்படித்தான் எழுதி வச்சிருப்பாங்க” என்றாள் வள்ளிமயில், மெஷின் பெட்டியைத் துடைத்துக்கொண்டே. இசக்கி அதையும் நம்பினாள், நம்பியதோடு நில்லாமல் தெருக்குழாயில் போய் அதையே எல்லோருக்கும் எடுத்துச் சொன்னாள்.

அந்த மாசத்தில் வள்ளிமயிலுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை மேலத்தெருத் தளவாய், கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தான், ஜெராக்ஸ், பரீட்சைக்கு விண்ணப்பம், வெளிநாட்டுக்கு முகம் பார்த்துப் பேசுவது என்று எல்லாம் உண்டு. நிச்சயத்துக்கு இசக்கி விடிந்ததும் போய் இருநூறு பேருக்கு இட்லி அவித்தாள். காது குத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது, அடுத்த டிரம் வருகிற அடையாளமே இல்லாததால், அவளே யோசித்தாள், தளவாய் கடையிலிருந்து ஒரு தடவையாவது புருஷனிடம் பிள்ளையைக் காட்டிவிடலாம், சிநேகிதி மாப்பிள்ளை கடைதானே. மிதுனாவுக்குப் பவுடர் போட்டு, மஞ்சள் கவுன் மாட்டி, நாலுக்குக் கொஞ்சம் முன்னால் மேலத்தெருவுக்குப் போனாள்.

கடையில் தளவாய் இல்லை, வள்ளிமயில் இருந்தாள், ஒரு பையன் கம்ப்யூட்டரில் யாரிடமோ முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். இசக்கியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தாள், எழுந்தவள் வரவேற்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இன்னைக்கு லைன் சரியில்லட்டி. நாளைக்கு வா. காலைல வா.”

“இந்தப் பையன் பேசிட்டிருக்கானே?”

“அது… அவன் முடிக்கப் போறான்.”

“முடிக்கட்டும், நிக்கேன்” என்று இசக்கி சொல்லி வாய் மூடவில்லை, மணி நாலாயிற்று, சுவர்ப் பெட்டியின் ஓட்டையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூ எட்டிப் பார்த்தது, பின்னாலேயே இன்னொன்று, நாலு இந்தப் பக்கம் நாலு அந்தப் பக்கம், இரண்டு சுற்றுச் சுற்றி இழுக்காமல் விட்ட இடைவெளியோடு, ஒரு காம்பு ஒடியாமல், முழம் முழமாகக் கனகாம்பரம் இறங்கியது. பேசிக்கொண்டிருந்த பையன் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிப் பூவை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான், அத்தனை பழகியிருந்தது. வள்ளிமயிலின் கொண்டையில் நேற்றைய கனகாம்பரம் இருந்தது.

மிதுனா கையை நீட்டிப் பூவைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தது. இசக்கி அதன் வாயிலிருந்து விரல் விட்டுப் பூவை எடுத்தாள், எடுத்த பூவின் முடிச்சைப் பார்த்தாள். தன் கையெழுத்தை வேறொருத்தர் கடிதத்தில் பார்த்தது போல இருந்தது.

“டிரம்முல வயரு இருந்திச்சா, வள்ளி?”

“இருந்திச்சு” என்றாள். “மிச்ச வயரக் கம்பத்து மேலயே இங்க இழுத்துட்டோம். பொண்ணு பாத்துட்டுப் போனவங்க பதில் சொல்லாம இருந்தாங்கட்டி. லைன் இருந்தாத்தான் கடை, கடை இருந்தாத்தான் கல்யாணம்னு அவங்கம்மா சொல்லிவிட்டாங்க. எனக்கு இது மூணாவது. உனக்குத் தெரியாததா? ஒரு இழைதானட்டி. பன்னண்டுல ஒண்ணு.”

“அந்த ஒண்ணுதான் எங்களுக்கு இருந்தது.”

“நீ எப்ப வேணும்னாலும் இங்க வந்து பேசு. உனக்குச் சும்மா. அண்ணன்ட்ட எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசிக்கோ. இப்பமே போட்டுத் தாரேன், உக்காரு.”

இசக்கி நாற்காலியைப் பார்த்தாள். உட்கார்ந்தால் இப்போதே சுடலைமணி பிள்ளையைப் பார்த்துவிடுவான். அவளுக்குக் கால் அந்தப் பக்கம் ஓர் அடி போகவும் செய்தது. “மெஷின எடுத்துட்டுப் போகும்போது என்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா, தெருவுல நானே பேசி உனக்கு வாங்கித் தந்திருப்பேன்ட்டி” என்று மட்டும் சொன்னாள், சொல்லிவிட்டுப் பிள்ளையின் கவுனை இழுத்துவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும் வழியில்தான் அவளுக்கு இன்னொன்று தெரிந்தது. ரேஷன் கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “பாத்துட்டியாம்மா?” என்றார். நர்சம்மா, “நீயா வந்து கேப்பேன்னு இருந்தோம்” என்றார். கனகாம்பர முடிச்சு யாருடையது என்று ஊரில் தெரியாதவர்கள் இல்லை, வள்ளிமயில் கொண்டையில் அது இரண்டு மாசமாக இருந்தது, இசக்கி முன்னால் வரும்போது மட்டும் எடுத்துவிடுவாள், பூ வருவதைப் பழகிக்கொண்ட மாதிரியே ஊர் இதையும் பழகிக்கொண்டிருந்தது. இரண்டு மாசமாக அவள் ஆபீஸ் வாசலிலும் குழாயடியிலும் சிநேகிதிக்காக வாதாடியதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் தெரிந்தே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, வாசலில் கோலத்தை அழித்து, கடப்பாரையால் குழி மூடியை நெம்பி இறங்கினாள். ஜாயின்ட் பெட்டியின் நாலு திருகையும் கழற்றினாள். உள்ளே பன்னிரண்டு நிறமும் சுருள் சுருளாகக் கிடந்தன, நார் இன்னும் ஈரமாக, நேற்று உரித்தது போலப் பச்சையாக இருந்தது. குளத்தை விரலில் எடுத்தாள். மடியில் கத்தி இருந்தது.

“வெட்டுளா!” என்று குழிக்கு மேலே நின்ற தெருப் பெண்கள் சொன்னார்கள். “வெட்டிப் போட்டுட்டு வா, நாங்க பாத்துக்கிடுதோம்.”

வெட்டினால் தளவாய் கடை போகும். தெருவுக்கு லைன் வராது, ஒட்டுகிற மெஷின் மேலத்தெருவில் இருந்தது. அதோடு, தலைமுடி கனத்தில் இருந்த அந்த இழையைத் தோலுரித்துத் துடைத்துத் தூக்கி வளர்த்தவள் அவள், கத்தி போகவில்லை. நாரின் நுனியைத் தேடினாள். கனகாம்பர முடிச்சு இறுக்காத முடிச்சு, நுனி தெரிந்தவள் இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். இழுத்தாள். நாரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியைத் திரும்பத் திருகி, மூடியைப் போட்டாள்.

அன்றைக்கு நாலு மணிக்குத் தளவாய் கடையில் இன்டர்நெட் ஓடியது, பூ வரவில்லை. இசக்கி வாசலில் சிமென்ட் மூடி மெல்லத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கட்டாத உதிரிக் கனகாம்பரம் பொங்கி வழிந்து, தெருவின் நடுவரைக்கும் வந்து நின்றது. பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், அப்புறம் முறம் எடுத்துவரப் போனார்கள்.

மூன்றாம் நாள் வள்ளிமயில் வந்தாள், தலையில் பூ இல்லை. வாசலில் பூவுக்கு நடுவே கால் வைக்க இடம் பார்த்து நின்றாள்.

“வெள்ளிக்கெழம கல்யாணம். கடைக்கு வந்த மகாலட்சுமி ஏன் போனான்னு அவங்கம்மா கேக்காங்க. ஒரு முடிச்சுதானட்டி. உனக்கு ஒரு நிமிஷம்.”

இசக்கி இடுப்பிலிருந்து நாரை எடுத்து மடியில் வைத்தாள். அது இன்னும் காயவில்லை. “மெஷினக் கொண்டுவா. குளத்த இந்தத் தெருவுல ஒட்டு. ஒட்டி முடிச்ச கையோட உன் கல்யாண மாலைய நானே கட்டுதேன், எட்டு முழம் கட்டுதேன்.”

வள்ளிமயில் நாரைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள். “அவுக வீட்ல சம்மதிக்கமாட்டாங்க” என்றாள்.

“அப்பம் சரி.”

“உனக்கு என்மேல அவ்வளவுதானா?”

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கு எதற்கும் முதலில் சிரிப்புதான் வரும், ஆனால் இந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. முறத்தில் பூவை அள்ளி வள்ளிமயிலின் முந்தானையில் போட்டாள். “உதிரிப் பூதான். வச்சுக்கோ. கட்டுறதுக்கு வேற ஆளப் பாரு.” வள்ளிமயில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனாள், கட்டாத பூ நடக்க நடக்கச் சிந்தியது, மேலத்தெரு திரும்பும்வரை ஆரஞ்சாக ஒரு கோடு விழுந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காது குத்து சாஸ்தா கோயிலில் நடந்தது. மாமன் மடியில் உட்கார்ந்து, தலை நிறையக் கனகாம்பரத்தோடு, மிதுனா ஆசாரியின் மூக்கைப் பிடிக்கப் பார்த்தது. இசக்கி போனை வேட்டியில் முடிந்துகொடுத்துத் தம்பி முறைப் பையன் ஒருவனைப் பொத்தைக்கு அனுப்பலாம் என்று பார்த்தாள், குரல் இங்கே, போன் அங்கே, என்ன பிரயோசனம். எல்லாம் முடிந்தபிறகு அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் ஏறினாள்.

“அழுதாளா?” என்றான் சுடலைமணி.

“ஒரு காதுக்கு அழுதா. மறு காதுக்கு மறந்துட்டா.”

“எப்படி இருக்கா?”

அவள் சொன்னாள். கம்மல் சிவப்புக்கல், கவுன் மஞ்சள், நெற்றி உங்க நெற்றி, தலையில கனகாம்பரம், நம்ம வாசல்ல பூத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் ம் என்றான். “லைன் என்னாச்சு இசக்கி? வள்ளி ஒட்டித் தந்திருவான்னியே?” என்றான் கடைசியில். அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, “அவளுக்குக் கல்யாணம்” என்றாள்.

வீட்டுக்கு வந்து தொட்டிலில் போட்டபோது மணி மூன்று. புதுக் காது உறுத்தியதால் பிள்ளை சிணுங்கியது. இசக்கி தொட்டிலை ஆட்டிப் பாடினாள், நீலம், பிள்ளை கொட்டாவி விட்டது, ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கண் சொருகியது, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ் என்று வந்து இசக்கி நின்றாள். வாயைத் திறந்தாள், வரவில்லை. திரும்ப நீலத்திலிருந்து தொடங்கிப் பார்த்தாள், திரும்பவும் ரோஸில் வந்து நின்றாள்.

மூடப்போன கண்ணை மிதுனா முழுசாகத் திறந்து, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது.